வீட்டில் மிச்சமிருந்த ஆவுடையப்பன்

கண்டக்டர் வேலை போதுமென்று வல்லநேரி பஸ் ஸ்டாண்டில் தோல்பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இறங்கிய ஆவுடையப்பன், எதிர்த்த கடையில் ஒரு டீ சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, அதே பஸ்ஸின் பின்படியில் அதே பையை மாட்டிக்கொண்டு, அதே தெத்துப்பல் தெரிய விசில் ஊதிக்கொண்டு இன்னொரு ஆவுடையப்பன் போய்க்கொண்டிருந்தான். டீக்கடைக்காரர் போகிறவனையும் பார்த்தார், நிற்கிறவனையும் பார்த்தார். "சீனி தூக்கலா?" என்று நிற்கிறவனைக் கேட்டார். வல்லநேரி அப்படிப்பட்ட ஊர். வெயிலில் கிடந்து கிடந்து அங்குள்ள ஆட்களுக்கு ஆச்சரியப்படுகிற சதை எப்போதோ வற்றிப் போயிருந்தது. பஸ் நிற்காமல் ஓடுகிறதா, டிக்கெட் கிழிக்க ஆள் இருக்கிறதா, அதற்குமேல் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று இருந்துவிட்டார்கள்.

வடிவு அப்போது அந்த ஊருக்கு வந்திருக்கவில்லை. பெண் கேட்டு வந்த தரகர் சொல்லித்தான் அவளுக்கு விஷயம் தெரியும். "பையன் ஒரு வேலையில நிக்க மாட்டான். ஆனா அவன் விட்ட வேலை எதுவும் இதுவரைக்கும் நின்னதில்ல," என்றார் தரகர். வடிவின் அப்பா அதை நல்ல குணத்தில் சேர்த்துக்கொண்டார். கல்யாணத்துக்குள் ஆவுடையப்பன் அரசாங்க ஆஸ்பத்திரிப் பிணவறையில் டாக்டர் சொல்லச் சொல்ல எழுதுகிற வேலைக்குப் போய், அதையும் விட்டிருந்தான். ஆகவே முகூர்த்தத்தன்று மணவறையில் ஒருவன் உட்கார்ந்திருக்க, காக்கிச் சட்டையில் ஒருவனும் டெட்டால் வாசனையோடு ஒருவனும் பந்தல்காலில் சாய்ந்து நின்றார்கள். பெண் யாருக்குக் கழுத்தை நீட்டுகிறது என்பதில் குழப்பமில்லை, நின்றவர்களுக்கு என்ன முறை என்பதில்தான் சலசலப்பு. கோயில் தர்மகர்த்தா குற்றாலலிங்கம் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "விட்டுப்போனதெல்லாம் தம்பி. பொண்ணுக்குக் கொழுந்தன். சோலி முடிஞ்சுது, தாலியை எடுங்க."

அதிலிருந்து அவர்கள் இருவரும் அவளை மதினி என்றார்கள், அவளும் கொழுந்தன்மாருக்குச் செய்கிற மரியாதையைச் செய்தாள், தீபாவளிக்கு வேட்டி எடுத்தாள். ஊர் அதற்கேற்ப வளைந்து கொடுத்தது. ரேஷன் கார்டில் ஒரு ஆவுடையப்பன் போதும் என்று ஆனது. எலெக்‌ஷனில் யார் முதலில் போய் ஓட்டுப் போட்டாலும் மற்றவர்கள் விரலிலும் மை தானாக ஏறிக்கொண்டதால், காலையில் முதலில் எழுந்திருக்கிற ஆவுடையப்பனைப் பிடிக்கக் கட்சிக்காரர்கள் வாசலில் காத்துக் கிடந்தார்கள். காய்ச்சல் கீய்ச்சல் என்றால் தனித்தனியாகத்தான் வந்தது. அந்தமட்டும் சாமி கண்ணைத் திறந்தது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

ஆனால் அவன் விட்டுவிட்டுப்போன ஆவுடையப்பன்களிடம் ஒன்று மட்டும் இல்லை. அசல் ஆவுடையப்பன் காலில் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு பிறந்தவன். ஒரு வேலையில் சேர்ந்து அதன் சூட்சுமம் பிடிபடும் மட்டும் அவனைப்போல் உழைக்க ஆளில்லை. பிடிபட்டுவிட்டதோ, சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கால் பெருவிரல் தரையில் வட்டம் போட ஆரம்பித்துவிடும். வட்டம் போட ஆரம்பித்தால் அந்த வேலை அவ்வளவுதான். மிஞ்சியவர்களுக்கோ கால் கல்லில் அடித்த கால். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தார்கள், சிரித்தார்கள், கணக்காக வேலை பார்த்தார்கள். முதலாளிமார் எல்லோரும் அசலைவிட மிச்சமே தேவலை என்று வெளிப்படையாகவே பேசிக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு லாட்ஜ் மேனேஜர் வேலை, அதன்பின் வக்கீல் குமாஸ்தா வேலை. இரண்டையும் விட்டான், இரண்டிலும் ஆள் மிஞ்சியது. வடிவுக்குப் பயம் வந்தது லாட்ஜ்காரனைப் பார்த்துத்தான். ஒருநாள் ஊரிலிருந்து வந்த அவள் சித்தப்பாவுக்கு அறை சொல்லப் போனாள். மேஜைக்குப் பின்னாலிருந்து அவன் எழுந்து, "வாங்க மதினி," என்று ஊர் சொன்ன முறையைத்தான் சொன்னான். கண் வேறு சொன்னது. அவனை விட்டுவந்தது கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்தல்லவா, அந்த இரண்டு வருஷமும் அவனுக்குள் அப்படியே இருந்தது. அவள் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்பாள் என்பதும், பல்லி விழுந்தால் யாரைக் கட்டிக்கொள்வாள் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, சாவியை மேஜைமேல் வைத்து அவள் பக்கம் மெல்ல நகர்த்தினான், கையில் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து வடிவு துலக்கிய பாத்திரத்தையே திரும்பத் துலக்கினாள். அதற்கப்புறம் அந்தத் தெருப்பக்கம் போவதை விட்டாள்.

குழாயடியில் பெண்கள் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்கள். "ஒனக்கென்னட்டி, ஒன் வீட்டுக்காரவுக போனாலும் ஒண்ணை வச்சிட்டுத்தான் போவாவ. எங்க வீட்ல கிளம்பினா வெறும் பாய்தான் மிஞ்சும்," என்பாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள். எல்லோரும் சிரிப்பார்கள், வடிவும் சிரிப்பாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மட்டும், அந்த மிச்சத்தோடு குடும்பம் நடத்துவதை நினைத்துப் பார்ப்பாள், பிள்ளையுமில்லாத வீட்டில் அந்தக் கல்லுக்காலைப் பார்த்துக்கொண்டு காலம் தள்ளுவதை நினைப்பாள், குடத்துத் தண்ணீர் தளும்பி இடுப்பில் வழியும். கோர்ட்டு வேலையையும் விட்டுவிட்டு அவன் வீட்டிலிருந்த நாளில், சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கண்ணில் அந்தப் பெருவிரல் பட்டது. சமையலறைத் தரையில் அது வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. விடுவதற்கு இனி வேலை எதுவும் இல்லை, வீடு ஒன்றுதான் பாக்கி என்று அவளுக்கு உறைத்தது.

"தினமும் எங்கிட்ட கதை சொல்லுதியளே, அதை எழுதினா என்ன?" என்று அவள் கேட்டது அந்தப் பயத்தில்தான். பெரிய இலக்கிய ஆசையெல்லாம் இல்லை. காலைக் கட்ட ஒரு கயிறு வேண்டியிருந்தது. வேலை பார்த்த காலமெல்லாம் அவன் வீட்டுக்கு வந்ததும் ஏதாவது சொல்வான். ஸ்டாப்பே இல்லாத இடத்தில் தினமும் இறங்கிப் போகிற வெள்ளைச்சேலைப் பெண், தண்ணீரில் செத்தவன் நுரையீரலில் தண்ணீரே இல்லாத கதை, ஒரே பெயரில் ஒரே அறையில் வருஷத்துக்கொரு முறை தங்குகிற இரண்டு வெவ்வேறு ஆட்கள், பொய்ச்சாட்சி சொல்ல வந்து உண்மையைச் சொல்லிவிட்டு மயங்கி விழுந்தவன். "ஒரு கொலையை வச்சு எழுதுங்க. மாசத்துக்கு ஒரு ஊருக்குப் போயி ஒருத்தனைக் கொன்னுபோட்டுட்டு, சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துருங்க," என்றாள்.

அப்படித்தான் ஆவுடையப்பன் துப்பறியும் நாவல்காரன் ஆனான். எழுதுவதற்கென்று ஒரு முறை அவர்களுக்குள் தானாக ஏற்பட்டது. அவள் வெண்டைக்காய் நறுக்குவாள், அவன் எழுதியதை வாசிப்பான். பாதிக் கதையில் நிறுத்தி, "கொன்னது யாரு, சொல்லு பாப்போம்," என்பான். அவள் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, "அந்த டிரைவர்தான," என்பாள். அவள் வாய்க்கு எப்போதும் குறி தப்பாது. அவ்வளவுதான், ஆவுடையப்பன் துள்ளி எழுந்து தாளையெல்லாம் கிழித்துப் போடுவான், முற்றத்தில் சுற்றுவான், ஆஸ்பத்திரிக்காரனிடம் ஓடி விஷத்துக்கு உதடு நீலமாகுமா கறுக்குமா என்று கேட்பான், லாட்ஜுக்கு ஓடுவான், கோர்ட்டுக்கு ஓடுவான், சோறு ஆறிப்போகும், கொலைகாரனை மாற்றிக்கொண்டு வந்து நிற்பான். அவள் அதையும் சொல்லிவிடுவாள். மறுபடியும் கிழிப்பு, மறுபடியும் ஓட்டம். கடைசியில் வடிவால் சொல்ல முடியாத ஆள் எவனோ, அவன்தான் அந்த நாவலின் கொலைகாரன். மதுரையிலிருந்த பதிப்பாளர் மாதம் தவறாமல் அச்சடித்தார், ரயில்வே ஸ்டேஷன் கடைகளில் தொங்கின, யாராலும் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை என்று வாசகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். வீட்டுக்குள்ளேயே அவனுடைய கால் அத்தனை ஊரும் ஓடியது. வடிவு பல வருஷம் நிம்மதியாகத் தூங்கினாள்.

இதற்கிடையில் ஆவுடையப்பனின் அம்மா இறந்துபோனாள். ஐந்து பிள்ளைகளும் மொட்டையடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். கொள்ளி வைப்பது யார் என்று கேள்வி வந்தபோது, வீட்டு ஆவுடையப்பன் தன்னையறியாமல் சுடுகாட்டு மதிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தான். இளவயதிலேயே மிஞ்சிப்போன கண்டக்டர்தான் அம்மா அம்மா என்று கேவிக்கொண்டிருந்தான். அழுகிறவன் வைக்கட்டும் என்றார் குற்றாலலிங்கம். சரியென்று எல்லோரும் தலையசைத்தார்கள். வடிவுக்கு மட்டும் மதிலோரம் நடக்கிற அந்தக் காலைப் பார்க்கப் பார்க்க அழுகை முட்டியது, அவன் துக்கம் அந்த நடையில் இருப்பது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தாள்.

அம்மன் கோயில் கொடைத் திருவிழா முடிந்த வாரம் அது. வடிவு புடலங்காய் நறுக்க, அவன் புது நாவலை வாசித்தான். "யாரு, சொல்லு?" என்றான். "சமையல்காரன்," என்றாள். அவன் தெத்துப்பல் தெரியச் சிரித்தான். "கரெக்டாச் சொல்லிட்டியே வடிவு," என்றான். பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டு, என்ன குழம்பு என்று கேட்டான். வடிவு அரிவாள்மணையிலிருந்து எழுந்திருக்கவில்லை, குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தாள். இரண்டு காலும் கோயில் வாசலில் கழற்றிப்போட்ட செருப்புபோல அசையாமல் கிடந்தன. இவன் எழுந்து போகமாட்டான், கிழிக்கமாட்டான். எழுந்து போகிறவன் ஏற்கெனவே போயாயிற்று. எப்போது போனான் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை, அதுதான் தாளவில்லை.

குழாயடிக்குப் போய்ப் பேச்சியம்மாள் முகத்தைப் பார்த்து, "எங்க வீட்டுக்காரவுக எப்பப் போனாவ?" என்று நேரே கேட்டாள். பேச்சியம்மாள் நிறையாத குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் குடத்தை நகர்த்தினார்கள். ஊருக்கே தெரிந்திருக்கிறது. சொல்லி என்ன ஆகப்போகிறது, அதுதான் வீட்டில் ஒன்று இருக்கிறதே என்று எல்லோரும் ஒருமனதாகச் சும்மா இருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கே வடிவு தன் பாயை அடுக்களைக்குக் கொண்டுபோனாள். விட்டுப்போனதெல்லாம் கொழுந்தன், கொழுந்தனோடு ஓர் அறையில் படுக்க மாட்டேன் என்றாள். செய்தி காற்றாய்ப் பரவிக் குற்றாலலிங்கம் வந்து சேர்ந்தார். வயசு ஏறி, வெற்றிலையை இடித்துப் போடுகிற நிலைமைக்கு வந்திருந்தார்.

"அது வெளிய விட்டதுக்குச் சொன்னதும்மா. வெளிய விட்டது கொழுந்தன், வீட்டுக்குள்ள விட்டது புருசன். இதுல என்ன சிக்கல்?"

"அண்ணாச்சி, சட்டத்தை நீங்கதான போட்டீய. ஊருக்கெல்லாம் ஒண்ணு, எனக்கு ஒண்ணா?"

"நல்லதுக்குத்தான் சொல்லுதேன். இவன் எங்கயும் போகமாட்டான்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு," என்றாள் வடிவு. அவர் வெற்றிலைச் செல்லத்தை மூடினார்.

அவர் போனபிறகு மேஜையிலிருந்தவன் மெதுவாகக் கூப்பிட்டான். "எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு வடிவு. மொத நாவலுக்கு நீ வெண்டைக்காய் நறுக்கினது வரைக்கும். நான் அவன் இல்லியா?" அவன் குரலில் கள்ளமே இல்லை. அவள் அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். பாவமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது, கோபம் இவன்மேல் இல்லை. "நீங்க அவுகதான். கிளம்புற வரைக்கும் உள்ள அவுக," என்றாள். ஓடுகிறவன் ஓடட்டும், அது அவன் பிறவி. ஆனால் மேஜை, நாற்காலி, மசிக்கூடு என்று விட்டுப்போன சாமான்களோடு சாமானாகத் தன்னையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறானே, அதை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் எரிந்தது. இருந்தவனுக்குச் சோறு போட்டாள். இரண்டாம்தரம் குழம்பு கேட்டதற்கும் ஊற்றினாள். பின்பு பேச்சியம்மாளைக் கூப்பிட்டு, இவருக்கு வேளைக்குச் சாப்பாடு மட்டும் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு, மாற்றுச்சேலை ஒன்றை மஞ்சள்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

கண்டக்டர் ஆவுடையப்பன் அவளைக் கண்டதும் தலையைக் குனிந்தான். அவன் தலையும் நரைத்திருந்தது. "கொடையன்னிக்கு, நீங்க மாவிளக்கு எடுத்துட்டுப் போன நேரம் மதினி. வெறுங்கையோட ஏறினான். கடைசி ஸ்டாப்பு கேட்டான், சாரல்மேடு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க கேக்கலியே. வீட்லதான் ஒருத்தன் இருக்கானே, எதுக்கு வீணா மனக்கஷ்டம்னு," என்றான் அவன். அதற்குமேல் அவனிடம் கேட்க என்ன இருக்கிறது? வடிவு அவன் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த பஸ்ஸில் கடைசி ஸ்டாப்புவரை போனதில்லை. வயல் போயிற்று, பனங்காடு போயிற்று, செங்கல்சூளை போயிற்று, யாரோ ஒருத்தி ஸ்டாப்பே இல்லாத இடத்தில் இறங்கிக் காட்டுக்குள் போனாள், மலை நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்தது. முகத்தில் அடித்த காற்றில் ஈரம் இருந்தது. குனிந்து பார்த்தபோது, தன் கால் பெருவிரல் பஸ்ஸின் தகரத்தில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பதைக் கண்டாள். இவ்வளவு காலம் அடுத்தவர் காலையே பார்த்துக்கொண்டிருந்ததில் தன் காலைப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

சாரல்மேடு பஸ் ஸ்டாண்டில் இறங்கியவுடனே குரல் கேட்டது. வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து ஆவுடையப்பன் ஒவ்வொரு பஸ்ஸாகக் கிளப்பிக்கொண்டிருந்தான். "அம்பாசமுத்திரம், பாபநாசம் செல்லும் பேருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." மூக்குறிஞ்சுகிற சத்தம்கூட அப்படியே கேட்டது. அவள் குரலைப் பிடித்துக்கொண்டு போய், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறையின் கதவைத் தள்ளினாள். அவன் மைக்கை அணைத்தான், எழுந்து நின்றான், உட்கார்ந்தான்.

"நல்லா இருக்கியா வடிவு? அங்க ஒரு குறையும் வைக்கலியே. நான் அங்க இருக்கேம்லா."

"நீங்க இருக்கீய. நான் இல்ல."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "உன்கிட்டச் சொல்லிட்டுக் கிளம்பணும்னுதான் இருந்தேன். சொன்னா நீ மொகத்தைப் பாப்பே. உன்னை இழுத்துக்கிட்டு அலையவா? இங்கயும் நான் ரொம்ப நாள் தாங்கமாட்டேன். இப்பவே கால் ஆட ஆரம்பிச்சிட்டு."

"பாத்துட்டுதான் இருக்கேன்."

"கூட வந்தா ஊரு ஊருக்கு உன்னை விட்டுட்டுப் போவேன். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

"என்னை ஒருத்தரும் விட்டுட்டுப் போக வேண்டாம்," என்றாள் வடிவு. "நான் உங்களைக் கூட்டிட்டுப் போக வரல. வரும்போது அப்படித்தான் நெனச்சேன், வழியில மாறிட்டு. அடுத்தாப்ல எந்த வண்டி?"

அவனுக்குப் புரியவில்லை. பழக்கத்தில் வாய் சொன்னது, "நாகர்கோவில்."

"அங்க நமக்கு ஆரும் இருக்காவளா?"

"ஒருத்தருமில்ல."

"நல்லதாப் போச்சு. மைக்குல சொல்லுங்க, நான் ஏறுதேன்."

மஞ்சள்பையை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். நாலெட்டு நடந்ததும் ஒரு சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தாள். அறையில் அவன் எதிரே தன்னைப்போல் ஒருத்தி நிற்கவில்லை. நின்ற இடம் காலியாக இருந்தது. அவளுக்கு அந்த வித்தையெல்லாம் கிடையாது, போனால் முழுசாகத்தான் போவாள். அவனும் அந்தக் காலி இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, திருடு போன வீட்டுக்காரனைப்போல.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். மைக் கரகரத்தது. "நாகர்கோவில் செல்லும் பேருந்து..." என்று தொடங்கிய குரல் அங்கேயே நின்றது. புறப்படும் என்ற சொல் வருமென்று டிரைவர் காத்துப் பார்த்தார், சலித்துப்போய் வண்டியை எடுத்துவிட்டார். வாசலைத் தாண்டித் தார்ரோட்டில் திரும்பும்போது பஸ்ஸின் பக்கவாட்டில் படபடவென்று யாரோ அடித்தார்கள். பின்படியில் ஆவுடையப்பன் தொற்றி ஏறினான், காலில் செருப்பில்லை, மூச்சு இரைக்க அவள் இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வடிவு அவனைப் பார்க்கவில்லை. தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, காதைப் பின்பக்கம் கொடுத்தாள். வந்தவன் முழுசாக வந்தானா, அங்கேயும் ஒருவனை விட்டுவிட்டு வந்தானா என்பது ஒலிபெருக்கியில்தான் தெரியும். ஆள் ஏற்ற பஸ் ரோட்டோரம் நின்றது. இந்த வண்டிக்கு அடுத்தது தென்காசி வண்டி. அதற்கான நேரம் ஆனது, தாண்டவும் செய்தது. பஸ் ஸ்டாண்டுக்குள் ஒவ்வொரு பஸ்ஸாக ஹாரன் அடிக்க ஆரம்பித்தது, எந்த வண்டி முதலில் என்று ஜனங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள், "ஏ மைக்கு, ரூம்புல ஆளே இல்லியேடே" என்று யாரோ கத்தினார்கள். வேப்பமரத்து ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்தது, அதில் ஒருவரும் பேசவில்லை.

வடிவு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.